தீபாவளி சரக்குக்குக் கொரியரை எத்தனை நாள் முன்னால் ஏற்பாடு செய்ய வேண்டும்?

திருப்பூரிலிருந்து டி-ஷர்ட், நைட்டி அனுப்பும் ஒருவர் கேட்டிருக்கிறார்: தினம் நாற்பது பார்சல் ஆன்லைன் வாடிக்கையாளர்களுக்குப் போகிறது, மாதம் பத்துப் பதினைந்து பெட்டி வெளிமாநிலக் கடைகளுக்குப் போகிறது. போன தீபாவளிக்கு ஐந்தில் ஒரு பார்சல் பண்டிகை முடிந்த பிறகுதான் போய்ச் சேர்ந்தது. இந்த முறை எத்தனை நாள் முன்னால் புக் செய்தால் சரியாக இருக்கும், எல்லாவற்றையும் ஒரே கம்பெனியிடம் கொடுக்கலாமா என்பது கேள்வி.

புக்கிங் என்பது ஒரு எண் உருவாவது மட்டும்தான். பத்து நாள் முன்னால் புக் செய்து லேபிள் அடித்து வைத்தாலும், பிக்அப் ஆள் வந்து ஸ்கேன் செய்யும்வரை அந்தப் பார்சலுக்குக் கடிகாரம் ஓடத் தொடங்குவதில்லை. அதனால் நீங்கள் உண்மையில் அறிய வேண்டியது, எந்த ஊருக்குப் போகும் சரக்கு எந்தத் தேதியில் உங்கள் கையை விட்டுப் போக வேண்டும், அதற்கு முன் என்னென்ன தயாராக இருக்க வேண்டும் என்பதே. பெரும்பாலான தாமதம் நெடுஞ்சாலையில் நடப்பதில்லை. வண்டி ஏறுவதற்கு முன் ஒரு நாளும், போய்ச் சேர்ந்த ஊரில் டெலிவரி ஆளின் பையில் இரண்டு மூன்று நாளும் போகிறது. இந்த இரண்டு இடங்களிலும் நீங்கள் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது.

தேதியைப் பின்னாலிருந்து எண்ணுங்கள். 2026 தீபாவளி நவம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை. முந்தின நாள் வந்த துணியை அளவு சரியில்லை என்றால் மாற்ற வழியில்லை. ஆகவே வாடிக்கையாளர் கைக்குப் போக வேண்டிய கடைசி நாளை நவம்பர் 5, வியாழன் என்று வையுங்கள். கொரியர் சொல்லும் நாள் கணக்கில் பிக்அப் நாள் சேராது, பெரும்பாலும் ஞாயிறும் விடுமுறையும் சேராது. 'இரண்டு நாள்' என்று சொல்லப்படும் தமிழ்நாட்டு முகவரிக்குப் பண்டிகைக் காலத்தில் இன்னும் இரண்டு நாள் கூட்டினால் நான்கு வேலை நாள். அப்படியானால் கடைசி பிக்அப் அக்டோபர் 31, சனிக்கிழமை. தரை வழியில் டெல்லிக்கு ஆறு நாள் என்று சொல்கிறார்கள் என்றால் மூன்று கூட்டி ஒன்பது. கடைசி பிக்அப் அக்டோபர் 26, திங்கள். வடகிழக்குக்கு ஒன்பது என்றால் நான்கு கூட்டிப் பதின்மூன்று, அதாவது அக்டோபர் 21. ஆனால் வங்காளத்திலும் அசாமிலும் இந்தப் பருவத்தில் புதுத்துணி வாங்குவது முக்கியமாகத் துர்கா பூஜைக்கு. அந்த ஊர்க் கடைகளுக்குப் போகும் சரக்கை நமது ஆயுத பூஜை வாரத்தில் அனுப்பினால் சீசனே முடிந்திருக்கும். அவர்களுக்கு செப்டம்பர் கடைசிக்குள் போய்ச் சேர வேண்டும். கேரளக் கடைகளுக்கு ஓணம்தான் பெரிய சீசன், அதற்கு ஜூலையிலேயே சரக்கு நகர வேண்டும். ஒரே தீபாவளித் தேதியை வைத்து இந்தியா முழுவதற்கும் திட்டமிடுவதுதான் பலர் செய்யும் முதல் பிழை.

மேலே கூட்டிய இரண்டு, மூன்று, நான்கு நாட்கள் அனுபவக் கணக்கு, விதி அல்ல. உங்களுக்குச் சரியான எண் உங்கள் பழைய டெலிவரிப் பட்டியலிலேயே இருக்கிறது. போன அக்டோபரில் அனுப்பியதை மண்டலவாரியாகப் பிரியுங்கள்: தமிழ்நாடு, மற்ற தென் மாநிலங்கள், மேற்கு, வடக்கு, கிழக்கும் வடகிழக்கும். ஒவ்வொன்றிலும் பிக்அப் ஸ்கேன் முதல் டெலிவரி வரை ஆன நாட்களை ஏறுவரிசையில் எழுதி, பத்தில் ஒன்பது பார்சல் எத்தனையாவது நாளுக்குள் போய்ச் சேர்ந்தது என்று பாருங்கள். அந்த நாள்தான் உங்கள் கணக்கு. சராசரியை எடுக்காதீர்கள். ஐந்து நாள் சராசரி என்றால் ஏறத்தாழ பாதிப் பார்சல் அதைத் தாண்டித்தான் போகிறது என்று பொருள், கோபமாக போன் செய்வது அந்தப் பாதிதான்.

இனி வண்டி ஏறுவதற்கு முன் போகும் அந்த ஒரு நாள். ஒவ்வொரு பிக்அப் பகுதிக்கும் ஒரு கட்-ஆஃப் நேரம், அதாவது அன்றைய சரக்கை ஏற்கும் கடைசி நேரம், உண்டு. மாலையில் எடுத்த சரக்கு உள்ளூர் கிளையில் சேர்ந்து, பிரிக்கப்பட்டு, இரவு வண்டியில் பெரிய ஹப்புக்கு, அதாவது பல ஊர்ச் சரக்கைப் பிரித்தனுப்பும் மையத்துக்குக் கிளம்பும். அந்த இரவு வண்டியைத் தவறவிட்டால் அரை மணி நேரத் தாமதம் ஒரு முழு நாளாகிவிடும். சனிக்கிழமை தவறவிட்டால் இரண்டு நாள். பிக்அப் ஆள் எத்தனை மணிக்கு வருவார் என்று கேட்பதோடு நிறுத்தாமல், கிளையிலிருந்து வண்டி எத்தனை மணிக்குக் கிளம்புகிறது என்றும் கேட்டு வையுங்கள். பிக்அப் வராத நாளில் நீங்களே எடுத்துப்போய் கிளையில் கொடுக்க எத்தனை மணி வரை நேரம் இருக்கிறது என்பது அப்போது தெரியும். ஆள் மொத்தமாக அள்ளிக்கொண்டு போகிறாரென்றால் மேனிஃபெஸ்ட் எனப்படும் பட்டியலில் பார்சல் எண்ணிக்கை எழுதி, தேதி, நேரத்தோடு கையெழுத்து வாங்குங்கள். 'எங்களிடம் தரவே இல்லை' என்று பிறகு ஒரு பார்சலைப் பற்றிச் சொன்னால் உங்களிடம் இருக்கும் ஒரே ஆதாரம் அது.

எத்தனை நாள் முன்னால் என்பதற்கு நேரடி விடை வேண்டுமென்றால் அது கம்பெனியோடு பேசுவதற்குத்தான் பொருந்தும்: சீசன் தொடங்குவதற்கு நான்கு வாரம் முன்னால். 'தீபாவளிக்கு அதிகமா வரும்' என்று வாயால் சொன்னால் பயனில்லை. எந்த வாரத்தில் தினம் எத்தனை பார்சல், மொத்தம் எத்தனை கிலோ, அதில் தமிழ்நாடு எவ்வளவு, வடக்கு எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதிக் கிளை மேலாளருக்கு மின்னஞ்சலில் அனுப்புங்கள். நாற்பது பார்சல் ஒருவர் பைக்கில் போய்விடும். நூற்றிருபது ஆகும்போது அவருக்கு ஆட்டோவோ 'சின்ன யானை' எனப்படும் சிறு சரக்கு வண்டியோ வேண்டும். அதை அன்று மாலை நான்கு மணிக்குச் சொன்னால் அவரால் கொண்டுவர முடியாது. சீசனுக்கென்று கூடுதல் கட்டணம் போடுகிறார்களா, எந்தத் தேதி முதல் என்பதையும் அப்போதே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

எடைக் கணக்கில் பணம் போவதை அநேகர் பில் வந்த பிறகே கவனிக்கிறார்கள். கொரியர்காரர்கள் தராசு எடை, கன எடை இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் போடுவார்கள். நீளம், அகலம், உயரத்தை சென்டிமீட்டரில் பெருக்கி 5000-ஆல் வகுத்தால் கன எடை கிலோவில் வரும். சில கம்பெனிகள் தரை வழிக்கு 4000 அல்லது இடைப்பட்ட எண்ணால் வகுக்கும். லாரி ஆபீஸ்களில் கன அடிக்கு இத்தனை கிலோ என்று வேறு கணக்கு. 60, 45, 45 செ.மீ. பெட்டியில் இருபது கிலோ நைட்டி இருந்தால், 5000 கணக்கில் 24.3 கிலோ, 4000 கணக்கில் 30.4 கிலோ. ஒரு கிலோவுக்கான விலையை மட்டும் ஒப்பிட்டுக் கம்பெனியைத் தேர்ந்தெடுத்தால் இதில்தான் ஏமாறுவோம். சிறிய பார்சலிலும் இதே கதை. 180 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டருக்கு இத்தனை கிராம்) துணியில் பெரிய அளவு டி-ஷர்ட் ஒன்று ஏறத்தாழ 180 முதல் 200 கிராம் வரும். கட்டணம் அரை அரைக் கிலோ படியாக ஏறும். இரண்டு போட்டால் கவரோடு முதல் அரைக் கிலோ படிக்குள் அடங்கும், மூன்று போட்டால் அடுத்த படிக்குப் போய்விடும். அதே இரண்டு சட்டையை 30, 25, 4 செ.மீ. அளவில் மடித்தால் கன எடை 600 கிராம், 28, 22, 4 செ.மீ. அளவில் மடித்தால் 493 கிராம். மடிக்கும் அட்டையின் அளவை மாற்றுவது ஒரே நாள் வேலை, மிச்சம் ஒவ்வொரு பார்சலிலும் கிடைக்கும். சீசனுக்கு 'மூன்று வாங்கினால் தள்ளுபடி' போடுவதாக இருந்தால் மூன்றாவது சட்டை எந்தப் படியில் விழுகிறது என்று பார்த்து விலை வையுங்கள். அதிக எடை போட்டு வரும் பில்லை மறுக்க, பார்சலைத் தராசில் வைத்து, லேபிள் எண்ணும் எடையும் ஒரே படத்தில் தெரியும்படி எடுத்த போட்டோ வேண்டும். மறுப்பதற்குக் கொடுக்கும் அவகாசம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும், சிலரிடம் ஒரு வாரம்தான், ஆகவே வாரம் ஒருமுறை பாருங்கள்.

கட்டும் விதத்தில் மழையை மறக்கக் கூடாது. நமக்குத் தீபாவளி வடகிழக்குப் பருவமழையின் நடுவில் வருகிறது. அட்டைப்பெட்டி ஈரம் குடித்தால் வலுவை இழந்து, மேலே அடுக்கிய பெட்டிகளின் பாரத்தில் உட்கார்ந்துவிடும். கடைகளுக்குப் போகும் பெட்டிக்குள் முதலில் ஒரு பெரிய பாலித்தீன் பை, அதற்குள் துணி, பையின் வாயை முறுக்கி டேப். பதினைந்து இருபது கிலோவுக்கு ஐந்து பிளை (ஐந்து அடுக்கு அட்டை) பெட்டி போதும். முப்பதை நெருங்கினால் ஏழு பிளைக்குப் போவதைவிட இரண்டு பெட்டியாகப் பிரிப்பது நல்லது. ஒரு ஆள் தூக்க முடியாத பெட்டி கைமாறும் ஒவ்வொரு இடத்திலும் தரையில் விழும். பெட்டி நிறைய இருக்க வேண்டும், மேலே காலி இடம் விட்டால் அங்கேதான் அமுங்கும். ஐந்து பெட்டி ஒரே பில்லில் போனால் ஒவ்வொன்றிலும் '1/5', '2/5' என்று பெரிதாக எழுதி, முகவரி லேபிளின் நகல் ஒன்றைப் பெட்டிக்குள்ளும் போடுங்கள். வெளியே ஒட்டியது கிழிந்துவிட்டால் ஹப்பில் திறந்து பார்த்து அனுப்ப அது உதவும். பார்கோடு பெட்டியின் மடிப்பிலோ மூலையிலோ வரக் கூடாது. பழைய பெட்டியைத் திரும்பப் பயன்படுத்தினால் பழைய லேபிளை முழுவதும் உரித்து எடுங்கள். ஸ்கேனர் எந்த பார்கோடை முதலில் பார்க்கிறதோ அந்த ஊருக்குத்தான் பெட்டி போகும்.

தீபாவளிப் பரிசாகப் பார்சலுக்குள் ஏதாவது சேர்க்கும் பழக்கம் இப்போது பரவியிருக்கிறது. மத்தாப்பு, தீப்பெட்டி எதுவும் கூடாது, பட்டாசு வகை எதையும் தபாலிலும் கொரியரிலும் அனுப்ப முடியாது. சென்ட் பாட்டிலில் ஆல்கஹால் இருக்கிறது, பவர் பேங்கில் லித்தியம் பேட்டரி. விமானத்தில் ஏறும் பார்சலில் இவை இருந்தால் ஸ்கேனில் நிறுத்திவிடுவார்கள், துணியும் சேர்ந்தே நிற்கும்.

கடைகளுக்குப் போகும் பெட்டிகளில் காகிதம்தான் நாளைத் தின்னும். வரியையும் சேர்த்து ஒரு பில் மதிப்பு 50,000 ரூபாயைத் தாண்டி வேறு மாநிலத்துக்குப் போனால் ஈ-வே பில், அதாவது ஜிஎஸ்டி தளத்தில் எடுக்கும் சரக்குப் போக்குவரத்துச் சீட்டு, கட்டாயம். தமிழ்நாட்டுக்குள் அந்த வரம்பு ஒரு லட்சம் ரூபாய். சாயத்துக்கோ தையலுக்கோ ஜாப் ஒர்க் (கூலி வேலை) என்று வேறு மாநிலத்துக்கு நீங்கள் அனுப்பினால் மதிப்பு எவ்வளவு குறைந்தாலும் ஈ-வே பில் வேண்டும். அந்த ஈ-வே பில்லின் முதல் பகுதியை நீங்கள் கம்பெனியின் டிரான்ஸ்போர்ட்டர் எண்ணோடு போட்டுக் கொடுத்தால், வண்டி எண் எழுதும் இரண்டாம் பகுதியை அவர்கள் நிரப்புவார்கள். செல்லுபடியாகும் காலம் அந்த இரண்டாம் பகுதி முதலில் நிரம்பிய நேரத்திலிருந்துதான் ஓடும். 2021 ஜனவரி முதல் 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் கணக்கு, டெல்லி ஏறத்தாழ 2,500 கி.மீ. என்றால் பதின்மூன்று நாள். சாதாரண மாதத்தில் இது தாராளம். ஹப்பில் சரக்கு தேங்கும் சீசனில், அல்லது 2023 டிசம்பர் புயலில் சென்னை நின்றதுபோல் ஒரு ஊரே நின்றுபோனால், காலாவதி நெருங்கும். காலம் முடிவதற்கு எட்டு மணி நேரம் முன்னும் எட்டு மணி நேரம் பின்னும் மட்டுமே நீட்டிக்க முடியும், அதை வண்டியை வைத்திருக்கும் டிரான்ஸ்போர்ட்டர்தான் செய்ய வேண்டும். ஆகவே அனுப்பிய பெட்டிகளின் காலாவதித் தேதியை ஒரு நோட்டில் எழுதி, இரண்டு நாள் முன்னால் அவர்களுக்கு நினைவூட்டுங்கள். சரியான பில் இல்லாமல் வண்டி பிடிபட்டால் ஜிஎஸ்டி சட்டத்தின் 129-ஆவது பிரிவின்படி வரியைப் போல இருமடங்கு அபராதம் கட்டித்தான் சரக்கை மீட்க வேண்டியிருக்கும்.

தொலைந்தால் எவ்வளவு கிடைக்கும் என்று புக்கிங்கின்போதே தெரிந்துகொள்ளுங்கள். 2007-ஆம் ஆண்டின் சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டம் கொரியர் ஏஜென்சிகளையும் தன்னுள் சேர்த்துக்கொள்கிறது. நீங்கள் கூடுதல் மதிப்பை அறிவித்து அதற்கான ரிஸ்க் கட்டணம் கட்டாவிட்டால், அவர்களின் பொறுப்பு செலுத்திய கட்டணத்தைப் போலப் பத்து மடங்குவரைதான். 400 ரூபாய் கட்டணத்தில் போன பெட்டிக்குள் 25,000 ரூபாய்ச் சரக்கு இருந்தால் அதிகபட்சம் 4,000. இது சட்டம் சொல்வது. உங்கள் ஒப்பந்தத்தின் பின்பக்கத்தில் இன்னும் குறைந்த தொகை எழுதியிருக்கலாம், அது வழக்கில் எவ்வளவு தூரம் நிற்கும் என்பதை வழக்கறிஞரிடம்தான் கேட்க வேண்டும். புக்கிங் தேதியிலிருந்து 180 நாளுக்குள் எழுத்து மூலம் நோட்டீஸ் கொடுத்தால்தான் பிறகு வழக்குப் போட முடியும் என்பதும் அதே சட்டத்தில் இருக்கிறது. மாதம் பத்துப் பெட்டிக்கு மேல் போகிறதென்றால் ஆண்டுக்கு ஒரு ஓப்பன் பாலிசி (அந்த ஆண்டு அனுப்பும் எல்லாச் சரக்கையும் சேர்த்துக் காக்கும் காப்பீடு) எடுப்பது ஒவ்வொரு பெட்டிக்கும் ரிஸ்க் கட்டணம் கட்டுவதைவிடப் பெரும்பாலும் மலிவு. தரை வழிச் சரக்கானாலும் அதை மரைன் இன்சூரன்ஸ் என்ற பெயரில்தான் விற்கிறார்கள். வாங்கும் கடைக்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்: பெட்டி உடைந்தோ நனைந்தோ வந்தால் முதலில் போட்டோ, பிறகு டெலிவரிச் சீட்டில் 'பெட்டி சேதம்' என்று எழுதிவிட்டுக் கையெழுத்து. வெறும் கையெழுத்து போட்டுவிட்டால் நல்ல நிலையில் பெற்றதாகவே எடுத்துக்கொள்வார்கள்.

போய்ச் சேர்ந்த ஊரில் போகும் நாட்களுக்கு வருவோம். பின்கோடு தவறு, போன் எடுக்கவில்லை, வீடு பூட்டியிருந்தது, பணம் தயாராக இல்லை — திரும்பி வரும் பார்சல்களில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் இவைதான். ஆர்டர் வந்ததும் பின்கோடும் ஊர்ப்பெயரும் பொருந்துகிறதா என்று பார்ப்பதும், இரண்டாவது போன் எண் வாங்குவதும் ஒரு நிமிட வேலை. பண்டிகைக்கு நான்கு நாள் முன்னால் நகரத்தில் இருப்பவர் சொந்த ஊருக்குக் கிளம்பியிருப்பார், எந்த முகவரியில் வாங்கிக்கொள்வார் என்று வாட்ஸ்அப்பில் கேட்டுவிடுங்கள். பொதுவாக மூன்று முறை முயல்வார்கள், அதன்பின் சரக்கு ஆர்டிஓ (ரிட்டர்ன் டு ஒரிஜின்) என்று உங்களுக்கே திரும்பக் கிளம்பும். டெலிவரி ஆகாதவற்றின் பட்டியல் தினமும் கொரியர் தளத்தில் உங்கள் கணக்குப் பக்கமான பேனலில் வரும். காலை பத்து மணிக்குள் அதைப் பார்த்து வாடிக்கையாளரிடம் பேசி மறு முயற்சிக்குச் சொன்னால் அன்றைக்கே போகும், மாலையில் பார்த்தால் ஒரு முயற்சி வீணாகும். சீசனில் இதற்கென்றே ஒருவரை உட்கார வைப்பது விளம்பரத்துக்குப் போடும் காசைவிடப் பலன் தரும் என்பது என் உறுதியான கருத்து. கம்பெனியின் பின்கோடு பட்டியலில் 'ஓடிஏ' (வழக்கமான டெலிவரி எல்லைக்கு வெளியே) என்று குறித்த ஊர்களுக்குக் கூடுதல் கட்டணமும் உண்டு, வாரத்தில் இரண்டு மூன்று நாள்தான் வண்டியும் போகும். இப்படிப்பட்ட ஊர்களுக்கும், அந்தமான், லட்சத்தீவு, வடகிழக்கு மலைப்பகுதிகளுக்கும் ஸ்பீட் போஸ்ட்டே நம்பகமானது. நாடு முழுவதும் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட அஞ்சலகங்கள் இருப்பதால் அவர்களுக்கு 'போகாத ஊர்' என்பது அபூர்வம். ஆனால் அஞ்சல் துறை அரசுடையது என்பதால் மேலே சொன்ன 2007 சட்டம் அதற்குப் பொருந்தாது. விலை உயர்ந்ததை இன்ஷூர் செய்தே அனுப்ப வேண்டும்.

சி.ஓ.டி., அதாவது பார்சல் கைக்கு வந்ததும் பணம் கட்டும் வசதி, கொடுப்பவராக இருந்தால் பணத்துக்கும் நாள் எண்ண வேண்டும். நாற்பதில் பாதி சி.ஓ.டி., சராசரி 600 ரூபாய் என்றால் தினம் 12,000. டெலிவரிக்கு ஆறு நாள், வசூலித்த பணம் உங்கள் கணக்குக்கு வர எட்டு நாள் என்று வைத்தால் எந்த நேரத்திலும் 1,68,000 ரூபாய் வெளியே நிற்கும். சீசனில் ஆர்டர் இரட்டித்தால் 3,36,000. திருப்பூரில் அதே வாரங்களில்தான் ஆட்களுக்கு போனஸ் கொடுக்க வேண்டும், துணிக்கும் தையலுக்கும் பாக்கி தீர்க்க வேண்டும். அக்டோபர் 20-க்குப் பிறகு தொலைதூர மண்டலங்களுக்கு சி.ஓ.டி.யை நிறுத்திவிட்டு, முன்பணம் கட்டுபவர்களுக்குச் சிறு தள்ளுபடி கொடுப்பது பணத்தையும் காக்கும், திரும்பி வருவதையும் குறைக்கும். முழுத்தொகை வேண்டாம், நூறு ரூபாய் முன்பணம் வாங்கினாலே விளையாட்டு ஆர்டர்கள் பெருமளவு விலகிவிடும்.

ஒரே கம்பெனியிடம் கொடுக்கலாமா என்ற இரண்டாவது கேள்விக்கு: வேண்டாம், ஆனால் நான்கைந்தாகவும் பிரிக்க வேண்டாம். அளவு சிதறினால் எந்தக் கிளைக்கும் நீங்கள் முக்கியமான வாடிக்கையாளர் இல்லை, நல்ல விலையும் கிடைக்காது. பத்தில் ஏழு ஒருவரிடம், மூன்று மற்றொருவரிடம் என்பது இந்த அளவு தொழிலுக்குச் சரியாக இருக்கும். யாருக்கு எது என்பதை மேலே எடுத்த மண்டலக் கணக்கு சொல்லும், தெற்கில் வேகமான கம்பெனி கிழக்கில் மெதுவாக இருப்பது சகஜம். கடைகளுக்குப் போகும் பெட்டிகளை இவர்களிடம் கொடுக்காமல் பார்சல் சர்வீஸில் போடுங்கள். கடைக்காரர் ஆள் அனுப்பி அவர்கள் குடோனில் எடுத்துக்கொள்ள ஒப்புக்கொண்டால் டோர் டெலிவரிக் கட்டணமும் மிச்சம், கடைசி ஊரில் போகும் ஒரு நாளும் மிச்சம். இரண்டாவது கம்பெனியை ஆகஸ்டிலேயே தொடங்கிவிடுங்கள். கணக்குத் திறக்க ஜிஎஸ்டி சான்று, பான், ரத்து செய்த காசோலை கேட்பார்கள், சரிபார்க்கச் சில நாள் ஆகும். அதன்பின் ஐம்பது பார்சலாவது அவர்கள் வழியாக அனுப்பி, எந்தப் பின்கோட்டில் தடுமாறுகிறார்கள், எடையை எப்படிப் போடுகிறார்கள், சி.ஓ.டி. பணம் சொன்ன நாளில் வருகிறதா என்று பார்த்துவிடுங்கள். அக்டோபர் நடுவில் முதல் கம்பெனியின் ஹப் திணறும்போது புதுக் கணக்குத் திறக்கப் போனால், அந்த நேரத்தில் அவர்களிடமும் வண்டி இருக்காது.